செருகு கலப்பின மின் வாகனங்களில் ஆற்றல் மேலாண்மை

செருகு கலப்பின மின் வாகனம் என்பது மின்னோடி, பெட்ரோல் அல்லது டீசல் பொறி ஆகிய இரண்டையும் கொண்டு, வெளி மின்சாரத்தில் செருகி மின்னேற்றிக்கொள்ளத்தக்க வாகனம் ஆகும். பேட்டரி என்று பேச்சில் வழங்கும் மின்கலத் தொகுதி ஒருபுறம், எரிபொருள் தொட்டி மறுபுறம் என இதற்கு இரண்டு ஆற்றல் இருப்புகள் உண்டு. ஓட்டும்போது ஒவ்வொரு நொடியும் எந்த இருப்பிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்யும் முறையே ஆற்றல் மேலாண்மை உத்தி எனப்படுகிறது. இம்முடிவை எடுப்பவர் ஓட்டுநர் அல்லர். அவர் ஆக்சிலரேட்டரை மிதித்து இவ்வளவு விசை வேண்டும் என்று கேட்கிறார். அதை எங்கிருந்து கொடுப்பது என்பதை வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது.

1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற சாதாரண கலப்பின வாகனங்களிலும் இத்தகைய கணினி உண்டு. ஆனால் அவற்றில் மின்கலம் சிறியது. வெளியிலிருந்து மின்னேற்ற இயலாது. எடுத்த மின்சாரத்தைப் பொறியோ பிரேக் மூலம் மீட்கும் ஆற்றலோதான் திரும்ப நிரப்ப வேண்டும். எனவே கணக்கு எப்போதும் சமமாக இருந்தால் போதும். செருகு வாகனத்தில் நிலைமை வேறு. இரவில் வீட்டில் நிரப்பிய மின்சாரம் செலவிடுவதற்காகவே இருக்கிறது. அதைப் பயணத்தின் எந்தப் பகுதியில் செலவிடுவது என்பதே இங்குள்ள கேள்வி. பயணம் முடியும்போது மின்கலத்தில் மிச்சம் இருந்தால் அந்த அளவுக்குப் பெட்ரோலை வீணாக எரித்ததாகப் பொருள். பாதி வழியில் தீர்ந்துவிட்டால் மீதி வழியில், மின்சாரமே உகந்த இடங்களிலும், பொறியை நம்ப வேண்டியதாகும்.

பொறியின் இயல்பு

இச்சிக்கலின் வேர் பெட்ரோல் பொறியின் இயல்பில் உள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.9 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. நல்ல பொறி, தனக்கு ஏற்ற சுமையிலும் சுழற்சி வேகத்திலும் ஓடினால், இதில் 35 முதல் 40 விழுக்காட்டைச் சுழல் ஆற்றலாக மாற்றும். 2016ஆம் ஆண்டு பிரியஸின் 1.8 லிட்டர் பொறிக்கு டொயோட்டா கூறிய உச்ச அளவு 40 விழுக்காடு. ஆனால் அதே பொறி மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது பயனுறுதிறன் பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. நகரத் தெருவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும் நடுத்தரக் காருக்குச் சக்கரத்தில் சில கிலோவாட் இருந்தாலே போதும். அறுபது கிலோவாட் பொறியை இதற்காக ஓட்டுவது, ஒரு டம்ளர் தண்ணீருக்கு வயல் பம்புசெட்டைப் போடுவது போன்றதாகும்.

மின்னோடிக்கு இந்தக் குறை மிகக் குறைவு. சிறு சுமையிலும் அதன் பயனுறுதிறன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எனவே மெதுவான, நின்று நின்று செல்லும் ஓட்டத்துக்கு மின்சாரம், சீரான நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பொறி என்பது அடிப்படை விதியாக அமைகிறது. எல்லா உத்திகளும் இதைத்தான் வெவ்வேறு நுட்பத்தில் நிறைவேற்ற முயல்கின்றன.

பொறியும் மின்னோடியும் இணைக்கப்படும் விதத்தைப் பொறுத்து உத்தியின் கை நீளும் அல்லது குறுகும். தொடர் அமைப்பில் பொறி மின்னாக்கியை மட்டுமே சுழற்றும். சக்கரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இணை அமைப்பில் இரண்டும் சக்கரத்தை நேரடியாகத் தள்ளும். டொயோட்டா வகையில் கோள் பற்சக்கர அமைப்பு ஒன்று பொறியின் திறனை இரு வழிகளில் பிரித்து அனுப்புகிறது. 2013 சனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மிட்சுபிசி அவுட்லாண்டர் செருகு வாகனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னும் பின்னுமாக 60 கிலோவாட் மின்னோடிகள் இரண்டும் 12 கிலோவாட்-மணி மின்கலமும் அதில் இருந்தன. குறைந்த வேகத்தில் மின்சாரம் மட்டும், கூடுதல் விசை தேவைப்பட்டால் தொடர் முறை, நெடுஞ்சாலை வேகத்தில் கிளட்ச் மூலம் பொறி நேரடியாக முன்சக்கரத்தோடு இணையும் இணை முறை என்று அது தானாகவே மாறிக்கொள்ளும்.

முதலில் மின்சாரம், பிறகு பெட்ரோல்

மிக எளிய உத்தி இதுவே. மின்னேற்ற நிலை ஒரு கீழ் எல்லையைத் தொடும் வரை மின்சாரத்தில் மட்டும் ஓடுவது. தொட்டதும் பொறியை இயக்கி அந்த எல்லையைச் சுற்றியே மின்னேற்றத்தைக் காத்துக்கொண்டு, சாதாரண கலப்பின வாகனம் போல ஓடுவது. முதற்கட்டம் மின்னேற்றம் குறையும் நிலை, இரண்டாவது மின்னேற்றம் காக்கும் நிலை எனப்படும்.

2010 திசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷெவர்லே வோல்ட் இந்த உத்தியின் முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. (தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியான முதல் செருகு கலப்பினக் கார் அது அன்று, சீனாவின் பிஒய்டி நிறுவனம் எஃப்3டிஎம் என்ற காரை 2008 திசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது.) வோல்ட்டின் மின்கலம் 16 கிலோவாட்-மணி. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே கணினி பயன்படுத்த அனுமதித்தது. முழுவதும் நிரப்புவதும் முழுவதும் வடிப்பதும் லித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மேலும் கீழும் ஒரு பங்கு தொடப்படாமலே விடப்பட்டது. எட்டாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் கொடுக்கப்பட்டதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2011ஆம் ஆண்டு வோல்ட் மின்சாரத்தில் மட்டும் 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் சென்றது. 2016ஆம் ஆண்டு இரண்டாம் தலைமுறையில் இது 53 மைலாக உயர்ந்தது. உற்பத்தி 2019இல் நின்றது.

இந்த உத்தியின் பெரிய பலம், பயணம் எவ்வளவு தூரம் என்று கணினி அறிந்திருக்க வேண்டியதில்லை என்பது. அன்றாடப் பயணம் 50 கிலோமீட்டருக்குள் இருந்து, இரவுதோறும் மின்னேற்றினால் இதைவிடச் சிறந்த உத்தி இல்லை. பொறி இயங்கவே வேண்டியிருக்காது. அப்படிப் பல வாரங்கள் பொறியைத் தொடாமலே ஓட்டியவர்கள் உண்டு என்பதால், வோல்ட்டின் கணினியில் இரண்டு பராமரிப்பு விதிகளும் எழுதப்பட்டன. ஏறத்தாழ ஆறு வாரம் பொறி ஓடாவிட்டால் எண்ணெய் எல்லாப் பாகங்களிலும் பரவ அதைச் சற்று நேரம் ஓட விடுவது. தொட்டியிலுள்ள பெட்ரோல் சராசரியாக ஓராண்டு பழையதாகிவிட்டால் அதை எரித்துத் தீர்ப்பது. கடுங்குளிரில் அறையைச் சூடேற்றுவதற்காகவும் பொறி தானாக இயங்கும். சிக்கனம் மட்டுமே உத்தியின் குறிக்கோள் அன்று என்பதை இவை காட்டுகின்றன.

மலைச்சாலைக் கணக்கு

நீண்ட ஏற்றத்தில் இந்த எளிய உத்தி தடுமாறும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் ஏறத்தாழ 3,400 மீட்டரை எட்டுகிறது. ஆட்களோடு 1,900 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் 1,800 மீட்டர் ஏறுவதற்கு எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 33.5 மெகாசூல், அதாவது 9.3 கிலோவாட்-மணி ஆற்றல் வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் இதில் சேரவில்லை. வோல்ட்டின் பயன்படத்தக்க மின்கல இருப்பு முழுவதும் ஏற்றத்துக்கே சரியாகிவிடும்.

இன்னும் கூர்மையான சிக்கல் திறனில் உள்ளது. முதல் தலைமுறை வோல்ட்டின் 1.4 லிட்டர் பொறி கடல்மட்டத்தில் 63 கிலோவாட் தரும். காற்றழுத்தி இல்லாத பொறி, ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும்; 3,000 மீட்டரில் கையில் இருப்பது 45 கிலோவாட்டை ஒட்டியே இருக்கும். 7 விழுக்காடு சரிவில் மணிக்கு 105 கிலோமீட்டரில் ஏறச் சக்கரத்தில் ஏறத்தாழ 50 கிலோவாட் தேவை. இடையிலுள்ள இழப்புகளையும் சேர்த்தால் பற்றாக்குறை 10 கிலோவாட் அளவுக்கு வரும். பத்து நிமிடம் இது நீடித்தால் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 1.7 கிலோவாட்-மணி கூடுதலாக வேண்டும். மின்னேற்ற நிலை ஏற்கெனவே கீழ் எல்லையில் இருந்தால் அதைக் கொடுக்க இருப்பு இராது. உந்துதிறன் குறைக்கப்பட்டது என்ற அறிவிப்பு முகப்பில் தோன்றி, பின்னால் கனரக லாரிகள் வரும் சாலையில் கார் வேகம் இழக்கும்.

இதற்காகவே வோல்ட்டில் ‘மலை முறை’ என்ற பொத்தான் வைக்கப்பட்டது. ஏற்றம் வருவதற்கு முன்பே அதை அழுத்தினால், முதல் தலைமுறைக் காரில், ஏறத்தாழ 45 விழுக்காடு மின்னேற்றத்தைக் கணினி ஒதுக்கி வைக்கும். அந்த இருப்பு ஏற்றத்தில் பொறிக்குத் துணை நிற்கும். ஏற்றம் தொடங்கிய பின் நினைவு வந்து அழுத்துவதில் பெரும்பயன் இல்லை, ஏனெனில் அப்போது மின்னேற்ற மிகுதித் திறன் பொறியிடம் இருக்காது. எதிர்காலத்தை அறிந்திருத்தலே ஆற்றல் மேலாண்மையின் முதன்மைத் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இங்கு அந்த அறிவை ஓட்டுநர் தர வேண்டியிருந்தது.

கலந்து செலவிடும் முறை

பயணத்தின் நீளம் முன்கூட்டியே தெரிந்தால் மின்சாரத்தை வழிநெடுகப் பகிர்ந்து செலவிடலாம். ஒரு காருக்கு மின்சாரத்தில் 55 கிலோமீட்டர் செல்லும் இருப்பு உள்ளது என்றும், பயணம் 90 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். முதல் 20 கிலோமீட்டர் புறநகர், அடுத்த 45 நெடுஞ்சாலை, கடைசி 25 நெரிசலான நகரம். முதலில் மின்சாரம் என்ற உத்தியில் புறநகரும் நெடுஞ்சாலையின் 35 கிலோமீட்டரும் மின்சாரத்தில் கழியும். நெடுஞ்சாலையின் கடைசி 10 கிலோமீட்டரும் நகரம் முழுவதும் பொறியின் பங்குக்கு வந்து சேரும். பயணத்தை முன்கூட்டி அறிந்த கணினியோ புறநகரையும் நகரத்தையும் மின்சாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, நெடுஞ்சாலையில் 35 கிலோமீட்டரைப் பொறியிடம் கொடுக்கும். இரண்டிலும் பொறியின் பங்கு அதே 35 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் வழியில் அதில் பெரும்பகுதி நின்று நின்று ஓடும் ஓட்டம். இரண்டாவதில் சீரான ஓட்டம். நகர மக்கள் சுவாசிக்கும் புகையும் இரண்டாவதில் இல்லை.

இன்னொரு ஆதாயமும் உண்டு. மின்கலத்தின் உள்தடையால் உண்டாகும் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதே அளவு மின்சாரத்தை இருமடங்கு நேரத்தில் எடுத்தால் மின்னோட்டம் பாதியாகும். நொடிக்கு இழப்பு கால் பங்காகும். நேரம் இரட்டிப்பதால் மொத்த இழப்பு பாதியாகும். ஆகவே மின்னேற்ற நிலை பயணத் தொலைவோடு ஏறக்குறைய நேர்கோட்டில் குறைந்து, சேருமிடத்தில் கீழ் எல்லையைத் தொடுவது பல பயணங்களில் சிறந்த விடையை ஒட்டி அமைகிறது.

கலந்து செலவிடும் முறைக்கு ஒரு மாசுச் சிக்கலும் உள்ளது. புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றி சில நூறு பாகை வெப்பம் அடைந்தால்தான் நச்சு வாயுக்களை மாற்றும். மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென விரைந்து முந்தும்போது, குளிர்ந்த பொறி முழுச் சுமையில் முதன்முறையாக இயங்கத் தொடங்கினால் மாசு மிகுதியாக வெளியேறும். கலிபோர்னியக் காற்றுவள வாரியம் 2022இல் ஏற்ற விதிகளில் இத்தகைய குளிர் தொடக்கத்துக்கெனத் தனி வரம்பு சேர்க்கப்பட்டது. பொறி வேண்டியிருக்கும் என்று முன்பே ஊகித்து, குறைந்த சுமையில் சற்று ஓட்டிச் சூடாக்கிக்கொள்வது நல்ல உத்தியின் ஒரு பகுதியாகும்.

கணித முறைகள்

உண்மைக் கார்களில் பெரும்பாலும் விதிகளே ஆட்சி செய்கின்றன: வேகம் இதற்கு மேல், கேட்கும் விசை இதற்கு மேல், மின்னேற்றம் இதற்குக் கீழ் என்றால் பொறியை இயக்கு. இவை எளியவை, நம்பகமானவை. பழுது வந்தால் காரணம் கண்டுபிடிக்கலாம். எந்த எல்லை எண் சிறந்தது என்பதை மட்டும் அவை தாமாகச் சொல்லமாட்டா.

அதைச் சொல்வதற்கு உகப்பாக்க முறைகள் பயன்படுகின்றன. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் உருவாக்கிய டைனமிக் புரோகிராமிங் என்னும் முறை, பயணத்தின் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறது. 20 நிமிடப் பயணத்தை நொடி நொடியாகப் பிரித்தால் 1,200 படிகள். மின்னேற்ற நிலையை 100 கட்டங்களாகவும் பொறியின் பங்கை 50 தேர்வுகளாகவும் கொண்டால் 60 லட்சம் கணக்குகள் செய்தால் மிகச் சிறந்த விடை கிடைத்துவிடும். இன்றைய கணினிக்கு இது பெரிதன்று. ஆனால் ஒவ்வொரு நொடியின் வேகமும் சரிவும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது ஆய்வகத்தில்தான் இயலும். எனவே இம்முறை காரில் ஓடுவதைவிட, காரில் ஓடும் உத்தி எவ்வளவு நல்லது என்று உரசிப் பார்க்கும் கட்டளைக் கல்லாகவே பயன்படுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் நிகழ்தகவு வடிவத்தைக் கலப்பின வாகனங்களுக்கும், பின்னர் செருகு வாகனங்களுக்கும் பொருத்திப் பார்த்துள்ளனர்.

காரிலேயே நொடிக்கு நொடி செய்யத்தக்கது ஈடுமதிப்பு நுகர்வைச் சிறுமமாக்கும் முறை ஆகும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜினோ பகனெல்லி, ஜார்ஜியோ ரிசோனி ஆகியோரின் பெயர்கள் இதனுடன் இணைத்துச் சொல்லப்படுகின்றன. பெயர் நீளமே தவிரக் கருத்து எளியது. மின்கலத்திலிருந்து எடுக்கும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் பெட்ரோல் கணக்கில் ஒரு விலை வைக்க வேண்டும். அந்த நொடியில் எரியும் பெட்ரோலையும் எடுக்கும் மின்சாரத்தின் விலையையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக வரும் பங்கீட்டைத் தேர்ந்தால் போதும். விலையைக் கூட்டினால் கணினி மின்சாரத்தைச் சேமிக்கும்; குறைத்தால் தாராளமாகச் செலவிடும்.

அந்த விலையைச் சரியாக வைப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாதாரண கலப்பின வாகனத்தில் ஓர் அலகு மின்சாரத்தைத் திரும்ப நிரப்பப் பொறி, மின்னாக்கி, மின்னணுப் பகுதிகள் ஆகியவற்றின் இழப்பையெல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்று அலகு பெட்ரோல் ஆற்றல் செலவாகலாம். எனவே விலை மூன்றை ஒட்டி இருக்கும். செருகு வாகனத்தில் வீட்டு மின்சாரம் மலிவு என்பதால் விலையைக் குறைத்துத் தொடங்கலாம். பயணம் எண்ணியதைவிட நீண்டால் இடையில் உயர்த்த வேண்டும். திட்டமிட்ட கோட்டுக்குக் கீழே மின்னேற்றம் இறங்கினால் விலையை ஏற்றி, மேலே நின்றால் இறக்கிச் சரிசெய்துகொள்ளும் தகவமைப்பு வடிவமும் உண்டு. அடுத்த சில நிமிடங்களை மட்டும் முன்கணித்து, அதற்குள் சிறந்ததைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் கணிப்பைப் புதுப்பிக்கும் முறையும், பட்டறிவிலிருந்து தானே கற்கும் இயந்திரக் கற்றல் முறையும் ஆய்வில் உள்ளன.

வழியை அறிந்த கார்கள்

எதிர்காலத்தை அறிய எளிய வழி, ஓட்டுநர் வழிகாட்டிக் கருவியில் சேருமிடத்தைப் பதிவதே. மெர்சிடிஸ் பென்ஸ் செருகு வாகனங்கள் வழிகாட்டித் தரவைக் கொண்டு நகரப் பகுதிக்கென மின்சாரத்தை ஒதுக்குகின்றன. ஃபோர்டு நிறுவனம் அடிக்கடி செல்லும் இடங்களைச் செயற்கைக்கோள் இடங்காட்டி மூலம் கற்றுக்கொண்டு, வீட்டை நெருங்கும்போது மின்சாரத்துக்கே முன்னுரிமை தரும் வசதியைத் தன் கலப்பின வாகனங்களில் வைத்தது. பிஎம்டபிள்யூ 2020 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றின் குறை மாசு மண்டலங்களை வரைபடத்தில் பதிந்து, கார் அவற்றுள் நுழைந்ததும் தானாக மின்சாரத்துக்கு மாறச் செய்தது. இலண்டனில் 2018 சனவரி 1 முதல் புதிதாக உரிமம் பெறும் கறுப்பு டாக்சிகள் குறைந்தது 30 மைல் புகையின்றி ஓடவல்லவையாக இருக்க வேண்டும். அங்கு ஓடும் எல்இவிசி டாக்சியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் முறையைத் தேர்ந்து, புறநகரில் பொறியையும் நகர மையத்தில் மின்சாரத்தையும் ஓட்டுநர் பயன்படுத்த முடியும்.

சீனாவில் வேறொரு போக்கு வளர்ந்துள்ளது. பிஒய்டி 2021இல் அறிமுகப்படுத்திய டிஎம்-ஐ அமைப்பில், 43 விழுக்காடு உச்ச பயனுறுதிறன் கொண்டதாக நிறுவனம் கூறும் 1.5 லிட்டர் பொறி பெரும்பாலும் மின்னாக்கியை ஓட்டவே பயன்படுகிறது. உயர் வேகத்தில் மட்டும் சக்கரத்தோடு இணைகிறது. மின்கலம் தீர்ந்த நிலையில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதே அங்கு விளம்பரத்தில் முதலிடம் பெறுகிறது. செருகாமல் ஓட்டுவோரையும் கணக்கில் கொண்ட நேர்மையான அளவீடு இது எனலாம்.

செருகாத செருகு வாகனம்

எவ்வளவு நுட்பமான உத்தியும் மின்னேற்றாத மின்கலத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது. தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, செருகு வாகனங்களின் ஓட்டத்தில் மின்சாரத்தின் பங்கு தனியார் கார்களில் சராசரியாக 37 விழுக்காடு, நிறுவனங்கள் ஊழியருக்கு அளித்த கார்களில் 20 விழுக்காடு மட்டுமே. அக்கால ஐரோப்பியச் சோதனை முறை 69 விழுக்காடு எனக் கருதியிருந்தது. நிறுவனம் பெட்ரோல் அட்டை கொடுத்துவிடும்போது, சொந்த வீட்டு மின்கட்டணத்தில் மின்னேற்ற ஊழியருக்கு என்ன ஊக்கம் இருக்கும்? இது கணினி தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று.

ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்களில் எரிபொருள் நுகர்வைப் பதியும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அந்தத் தரவைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, செருகு வாகனங்களின் உண்மையான கரியமில வாயு வெளியீடு ஆய்வக அளவைப் போல் சராசரியாக 3.5 மடங்கு என்று கண்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த இடைவெளி ஏறத்தாழ 20 விழுக்காடுதான். வரிச்சலுகையும் மானியமும் ஆய்வக எண்ணை வைத்தே வழங்கப்பட்டு வந்ததால் இது வெறும் புள்ளிவிவரச் சிக்கலாக நிற்கவில்லை.

இதையொட்டிக் கணக்கு முறையே மாற்றப்பட்டது. ஒரு காரின் மின் ஓட்டத் தொலைவிலிருந்து, அது எத்தனை பங்கு மின்சாரத்தில் ஓடும் என்று ஊகிக்கும் சூத்திரம் ஐரோப்பியச் சோதனையில் உண்டு. பழைய சூத்திரத்தின்படி 60 கிலோமீட்டர் மின் ஓட்டம் கொண்ட காருக்கு இப்பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு. 2025 சனவரி முதல் புதிய மாதிரிகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தில் அதே காருக்கு ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். 2027க்கென விதிக்கப்பட்ட அடுத்த சூத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கிவிடும். காரில் ஒரு திருகும் மாறாமலே அதன் அலுவல்முறைக் கரியமில அளவு இவ்வாறு பல மடங்கு உயர்வதால், உற்பத்தியாளர்கள் மின்கலத்தைப் பெரிதாக்கி மின் ஓட்டத் தொலைவை 100 கிலோமீட்டரையும் தாண்டி நீட்டி வருகின்றனர்.